பதினான்காம் பொட்டலம்

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை. முந்தின இரவு பதினொன்றே காலுக்குத் தொடங்கியது இன்னும் விடவில்லை. காற்று குடையை மேல்பக்கமாகத் திருப்பிவிடும் அளவுக்கு இருந்தது. வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. என் குடைக்கு எட்டுக் கம்பி. ஒன்று உடைந்துவிட்டது, இன்னொன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலிலிருந்து, உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலின் மதகு வரை அறுநூற்று இருபது தப்படி. முதல் இருநூற்று நாற்பது தார்ச்சாலை. மீதி முந்நூற்று எண்பதும் களிமண் வரப்பு. மழையில் அந்தக் களிமண் எப்படி இருக்கும் என்பதை என் இடது இடுப்பெலும்பு இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்துகொண்டது.

குடையை விரித்தபடி வாசலில் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். பிறகு குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து காபி கேட்டேன்.

நான் செய்த தவறு இதுவல்ல. எழுபத்து நான்கு வயதுக்காரன் மழையில் வெளியே போகவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தவறு, காபி குடித்து முடித்த பிறகு நடந்தது.

மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியின் கள அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை தண்ணீரின் அடர்த்தியை அளப்பது. ஒரு கண்ணாடி மானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. வெயில் அதைக் காய்ச்சிக் காய்ச்சி இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தால் பாத்தியில் உப்பு இறங்கும். இதற்கு இரண்டு பேர் போதும்: சூரியன் ஒருவர், உப்பை வாரும் தொழிலாளி இன்னொருவர். மூன்றாவதாக நானும் இருந்தேன், ஏனென்றால் தலைமை அலுவலகத்துக்குப் பதிவேடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் வெள்ளத்தில் முழுகிக் கிடக்கும், ஒரு கல் உப்புக்கூட விளையாது. அப்போதும் அளந்து எழுத வேண்டும்.

ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. அளக்கத் தண்ணீர் இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணுகிறேன். எங்கள் தெருவில் மின்கம்பங்கள் முப்பத்தொன்பது. விளக்கு எரிவது இருபத்தாறு. கிழக்குக் கடற்கரைச் சாலையை நான் கடக்கக் காத்திருக்கும் நேரத்தில் போகிற கார்கள் சராசரியாகப் பதினேழு. "செத்த சும்மா இருங்களேன்" என்று என் மனைவி சொல்வது நாளொன்றுக்குப் பதினொன்றிலிருந்து பதினான்கு முறை.

அந்த வருடம் மார்ச்சில் எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்து மூன்று. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கடல்பாசியைப் பற்றி ஆராய்ச்சி என்றாள். மருந்துக்கா, சாப்பாட்டுக்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் இல்லையாம். பாசி தனக்கு வேண்டிய கார்பனை எங்கிருந்து, எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறாளாம்.

"அதைத் தெரிஞ்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போறே?" என்று என் மனைவி கேட்டாள்.

"டாக்டர் பட்டம் வாங்கப்போறேன் ஆன்ட்டி."

ஆராய்ச்சியைப் பற்றி இவ்வளவு நேர்மையான விளக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாடகையைக் குறைத்துக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

அவள் சொல்லி நான் புரிந்துகொண்டது இவ்வளவு. கார்பனில் லேசான ரகம், கனமான ரகம் என்று இரண்டு உண்டு. நூறில் ஏறக்குறையத் தொண்ணூற்றொன்பது லேசானது, ஒன்றுதான் கனமானது. தண்ணீருக்குள் கார்பன் இரண்டு வேஷத்தில் இருக்கிறது. ஒன்று, கரைந்து கிடக்கும் கரியமில வாயு. மற்றது பைகார்பனேட், நாம் ஆப்பமாவில் போடும் சோடா உப்பில் இருப்பது. கடல் தண்ணீரில் வாயு கொஞ்சம்தான், பைகார்பனேட் ஏராளம். சில பாசிகளுக்கு வாயு மட்டும்தான் உள்ளே இறங்கும். சில பாசிகள் பைகார்பனேட்டையும் உடைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு நொதி வைத்திருக்கின்றன. வாயுவில் லேசான ரகம் சற்றுக் கூடுதல். அது போக, சரக்கு தாராளமாகக் கிடைக்கும்போது பாசி லேசானதாகப் பார்த்துப் பொறுக்கும். தட்டுப்பாடு வந்துவிட்டால் கனமோ லேசோ வந்ததை வாங்கிக்கொள்ளும். ரேஷன் கடையில் பருப்பு வரும் அன்று நாங்கள் செய்வதும் அதுதான். ஆகவே, ஒரு பாசியின் உடம்பில் கனமான கார்பன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டால், அது எதைச் சாப்பிட்டது, எந்த நெருக்கடியில் சாப்பிட்டது என்று சொல்லிவிடலாம்.

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று: அவளுடைய எண்கள் எல்லாமே மைனஸில் இருந்தன. மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பதினெட்டு, நிழலில் வளரும் ஒரு சிவப்புப் பாசிக்கு மைனஸ் முப்பத்திரண்டு. ஒரு பொருள் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. பூச்சியத்துக்குக் கீழே எப்படிப் போகும் என்று கேட்டேன். அது ஒப்பீடு என்றாள். வெளிநாட்டில் எங்கோ கிடைத்த, கல்லாகிப்போன ஒரு பழங்காலக் கடல் பிராணியைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டார்களாம். அதில் கனமான கார்பன் அதிகம். பாசிகளில் அதைவிடக் குறைவு, எனவே மைனஸ்.

உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கல்லின் இடத்தில் என் சகலை இருக்கிறார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர், சொந்தமாக இரண்டு மாடி, சர்க்கரை வியாதி கிடையாது. நாற்பத்தாறு வருடமாக என் மனைவி என்னை அவரோடு வைத்துத்தான் அளக்கிறாள். நான் ஒரு நாளும் பூச்சியத்தைத் தொட்டதில்லை.

ஜூன் மாதம் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று ஆனது. அவள் சென்னையில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் ஆராய்ச்சியின் முதுகெலும்பான பகுதி அப்போதுதான் தொடங்க இருந்தது. ஒரே மதகடியில், ஒரே பச்சைப் பாசியை, ஐந்து நாளைக்கு ஒருமுறை, இருபத்து நான்கு தடவை எடுக்க வேண்டும். வெயிலில் வாய்க்கால் தண்ணீர் தடித்துக்கொண்டே போகும், மழையில் இளகும். அதற்கேற்பப் பாசியின் சாப்பாடு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கிவிட்டாள். மூன்றாவது கிடையாது. வரும் பிப்ரவரி முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். பட்டம் வந்தால் தருவதாக ஒரு கல்லூரி அவளுக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தது, அதுவும் போகும். ஏழு வருட உழைப்பு. எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். நானும் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். முப்பத்தொரு வருடம் ஒரு நாள் விடாமல் பதிவேடு எழுதியவன் என்றும் சொன்னேன். கூலி பேசினாள், வேண்டாம் என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அது அபூர்வம், நான் கவனித்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "சார், நடுவுல ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. இருபத்து நாலும் இருந்தாத்தான் என் ஆராய்ச்சி."

அவள் சொன்னது ஆராய்ச்சிக்காரியின் பாஷையில். எனக்கு அது தலைமை அலுவலகத்தின் குரலில் கேட்டது.

ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை தொடங்கினேன். காலை ஆறரைக்கு மதகடிக்குப் போக வேண்டும். நூல் நூலாக ஆடிக்கொண்டிருக்கும் பச்சைப் பாசியில் மூன்று இழை பறித்து, ஒட்டியிருக்கும் நத்தைகளை எடுத்துவிட்டு, அதே வாய்க்கால் தண்ணீரில் அலசி, பிறகு அவள் கேனில் வைத்துப்போன காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முறை அலசி, அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். தண்ணீரின் சூடு, அடர்த்தி, நேரம் மூன்றையும் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து, மாடியில் அவள் விட்டுப்போன சின்ன ஓவனில் அறுபது டிகிரியில் காயவைத்து, பொட்டலம் கட்டி எண் போட வேண்டும். ஆடி மாதத்து ஈரக்காற்றில் என் மனைவி போட்ட வடகம் மூன்று நாளாக நமத்துக் கிடந்தது. "மனுசன் திங்கறதுக்கு வெயில் இல்லே, உங்க பாசிக்கு மட்டும் கரண்ட்டு அடுப்பு" என்றாள். ஓவனை அவள் எட்டாத உயரத்துக்கு மாற்றினேன். பிறகு எனக்கும் எட்டாததால் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மதகடியில் தினமும் இருப்பவர் பாத்தி வேலையைப் பார்க்கும் மேஸ்திரி. ஐம்பது வயது. நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே என்னை 'டிகிரி சார்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே எதற்குப் பாசி என்று கேட்டார். கார்பன் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். கார்பனுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று யாரோ தொலைக்காட்சியில் சொன்னதை யாரோ கேட்டிருந்தார்கள். மூன்றாவது முறை நான் போனபோது இரண்டு சிமெண்ட் மூட்டை நிறையப் பாசியை வாரிக் கட்டி வரப்பில் நிறுத்தியிருந்தார்.

"எத்தினி மூட்டை வேணும் சார்? கிலோ இன்னா ரேட்டு போடறாங்க?"

மூன்று இழை போதும் என்றேன். அவர் முகத்தில், நான் எல்லா லாபத்தையும் தனியாக அடிக்கப் பார்க்கிறேன் என்ற வருத்தம் தெரிந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் பதினொரு பேர் ஆதார் ஜெராக்ஸைக் கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்தார்கள். ஒன்பதைத் திருப்பிவிட்டேன். இரண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவர்கள் வாங்க வர மறுக்கிறார்கள், பெயர் விட்டுப்போகுமாம்.

பதின்மூன்று பொட்டலம் வரை ஒரு பிசகும் இல்லை. பதினான்காவது நாள்தான் நான் தொடக்கத்தில் சொன்ன மழை நாள்.

நான் வாசலில் நின்றிருந்தபோது மேஸ்திரி போன் செய்தார். "சார், மதகாண்டதான் நிக்கறேன். தண்ணி ஏறிக்கினு இருக்குது, வரப்பு தெரியல. நீங்க வராதீங்க. நான் வோணா நாலு இழை பறிச்சாந்து குடுக்கட்டா?"

வேண்டாம் என்றேன். பதிவேடு என்றால் ஒரே கை எழுத வேண்டும் என்பது என் கொள்கை. தவிர, இவர் இதற்கு முன் பறித்தது சிமெண்ட் மூட்டைக் கணக்கில். ஆக, உண்மையான பாசி அறுநூற்று இருபது தப்படி தூரத்தில் இலவசமாகக் கிடைக்க இருந்ததை, ஒழுங்கின் பேரால் மறுத்துவிட்டுக் காபி குடித்தேன்.

இப்போது எங்கள் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு ஒருவர் வருவார். எண்களைப் படிக்க மாட்டார். விரலைப் பக்கத்தின் மேலிருந்து கீழே ஓட்டுவார். விரல் காலிக் கட்டத்தில் விழுந்தால் மெமோ. மழையில் வரப்பில் இறங்க முடியாத நாளில் என்ன செய்வது? நேற்றைய எண்ணை எழுதுவது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'கட்டம் நிரப்புவது'. இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. பொய் சொல்ல வேண்டுமானால் புதிதாக ஓர் எண்ணைக் கற்பனை செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை நாங்கள் எடுத்துக்கொண்டதில்லை. நாங்கள் எழுதியது உண்மையான எண்தான். ஒரு நாள் பழையது, அவ்வளவே.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பதின்மூன்றாம் பொட்டலத்தைப் பிரித்தேன். காய்ந்த இழைகளைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டினேன். ஒரு பாதியைப் புதிய அலுமினியத் தாளில் மடித்துப் பதினான்கு என்று எண் போட்டேன். பதிவேட்டில் நேரம் ஆறரை, தண்ணீரின் சூடு முப்பத்தொன்று, அடர்த்தி நான்கு புள்ளி இரண்டு என்று, பதின்மூன்றில் இருந்ததை அப்படியே இறக்கினேன். மனசாட்சி உறுத்தவில்லை. இடைவெளி விடாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது. இரண்டாவது காபி கேட்டேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி இருபத்து நான்காவதையும் எடுத்து முடித்தேன். அம்மா தேறிவிட்டதால் அந்தப் பெண்ணே வந்து வாங்கிக்கொண்டாள். பொட்டலங்களை அவள் இரண்டு முறை எண்ணினாள், நான் மூன்று முறை. கண் கலங்கினாள். அத்தோடு ஒரு நல்ல செய்தியும் கொண்டுவந்திருந்தாள். கம்பெனி பழைய காகிதத்துக்குப் போட இருந்த என் அடர்த்திப் பதிவேடுகளை, ஓய்வு பெற்ற அன்று நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு வீதம் அறுபத்திரண்டு, பரணில் இருக்கின்றன. இதை அவள் தன் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு நீண்ட பதிவு இந்தக் கரையில் வேறெங்கும் கிடைக்காது, முழுவதையும் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கலாம் என்று அவர் சொன்னாராம். என் மனைவியிடம், இதை அவளுடைய தங்கைக்குப் போன் செய்து சொல்லும்படிக் கேட்டுக்கொண்டேன். சகலைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகச் சொல்லும்படியும்.

ஜனவரி பதினெட்டாம் தேதி மாலை நாலே முக்காலுக்கு அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் தண்ணீர் வற்றியிருந்தது.

முடிவுகள் வந்துவிட்டனவாம். பதின்மூன்றாம் பொட்டலம் மைனஸ் பன்னிரண்டு புள்ளி நான்கு ஆறு. பதினான்காம் பொட்டலம் மைனஸ் பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்பது. ஒரே வாய்க்காலில் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பறித்த இழைகளிலேயே ஓர் எண் முன்னே பின்னே இருக்கும்; ஐந்து நாள் இடைவெளியில் எடுத்தவை இப்படி ஒட்டிக்கொண்டு நிற்காது. கார்பனோடு சேர்த்து அளந்த நைட்ரஜனும் இரண்டிலும் ஒன்று. பதிவேட்டில் சூடும் அடர்த்தியும் ஒன்று. ஆனால் மழைமானிக் கணக்கைப் பேராசிரியர் எடுத்துப் பார்த்திருக்கிறார். முந்தின இரவெல்லாம் மழை. அத்தனை மழையில் அடர்த்தி இம்மிகூட இறங்காத வாய்க்கால் உலகத்தில் இல்லை. இது ஜோடித்தது, ஒன்றை ஜோடித்தவர் மற்றதையும் ஜோடித்திருக்கலாம், இந்த வரிசையை வைத்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கெடு முடிய நாற்பத்தொரு நாள் இருந்தது.

"சார், ஆகஸ்ட் பதினாலாம் தேதி நீங்க மதகுக்குப் போனீங்களா?"

"பதிவேட்டுல இருக்குதேம்மா" என்றேன்.

"பதிவேட்டைக் கேக்கல சார். உங்களைக் கேக்கறேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கும் என்பதால் வீட்டில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. "போவலன்னு சொல்லுங்க" என்றாள். "அன்னிக்கி நான்தானே காபி போட்டுக் குடுத்தேன்."

சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. அழவும் இல்லை. நேரில் வந்து பேராசிரியரிடம் இதைச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டாள். ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

இருபத்தொன்றாம் தேதி சென்னைக்குப் போனேன். பேராசிரியருக்கு வயது ஐம்பத்தைந்துக்குள் இருக்கும். அறையில் ஆறு நாற்காலி. நான்கின் மேல் காகிதம். அந்தப் பெண் சுவரோரமாக நின்றாள். மழை, குடை, இடுப்பு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கட்டம் நிரப்புவது என்றால் என்ன என்பதையும், மெமோவைப் பற்றியும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் இருந்தது ஒரே இழைங்களா?"

"ஆமாங்க. சரிபாதி. என் கையால வெட்டினது."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அப்போ மெஷின் ஒரே சாம்பிளை ரெண்டு தடவை பார்த்திருக்கு. வித்தியாசம் பாயிண்ட் ஜீரோ த்ரீ. காசு இல்லன்னு நீ ரிப்பீட் போடவே இல்ல. இவர் உனக்கு ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கார்."

விஷயம் எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, ஒரே சாம்பிளை இரண்டாகப் பிரித்து வேறு வேறு எண் போட்டு அனுப்புவது அவர்களுக்குள் ஒரு நல்ல வழக்கமாம். நான் செய்த மோசடி, மெஷினுக்கு நற்சான்றிதழ் ஆகிவிட்டது. நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சந்தோஷப்படாதீங்க" என்றார் அவர். "மத்த இருபத்து மூணு?"

நான் ஒவ்வொரு முறையும் போனதைப் பார்த்தவர் யாராவது உண்டா என்றார். மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு, டிகிரி சாரா?" என்றது மேஸ்திரியின் குரல். "மழை அன்னிக்கி ஒரு நாளு வரல. மத்த நாளெல்லாம் டாண்ணு ஆறரைக்கி வந்து எங்க உசுர எடுத்துட்டாரு. மூணு இழை புடுங்க முக்கா மணி நேரம் சார். தண்ணில கைய வெக்காதே, நிழலு உழுது தள்ளி நில்லுன்னு ஒரே ரோதனை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார் ஆபீஸருங்களா? அந்தக் கார்பன் பணம் எப்ப சார் வரும்?"

பேராசிரியர் போனை வைத்துவிட்டார். என் நாற்பத்தாறு வருட இல்லற வாழ்க்கையில்கூட என்னைப் பற்றி இவ்வளவு உறுதியாக ஒருவர் சாட்சி சொன்னதில்லை.

அவர் போட்ட நிபந்தனை இரண்டு. மீதியிருக்கும் பொட்டலங்களில் ஐந்தை அவரே பொறுக்குவார். அவற்றை எண் மாற்றி மறுபடி மெஷினில் கொடுக்க வேண்டும். முதலில் வந்த எண்ணே வந்தால் ஒப்புக்கொள்வார். ஆய்வேட்டில் பதினான்காம் கட்டம் காலியாக இருக்க வேண்டும், ஏன் காலி என்று அடிக்குறிப்பில் எழுத வேண்டும். மெஷினுக்குக் கட்டணம் உண்டு. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். நான் கட்டுகிறேன் என்றேன்.

எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். கூப்பிட்டார்.

"சார், அந்த முப்பத்தொரு வருஷப் பதிவேடு. அதுலயும் கட்டம் நிரப்பினீங்களா?"

"மழை நாள்ல மட்டுங்க."

"எத்தனை நாள் இருக்கும்?"

மின்கம்பம் முப்பத்தொன்பது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடிப்படி பதினெட்டு, என் குடைக்குக் கம்பி எட்டு. இதை மட்டும் நான் எண்ணியதே இல்லை. அவர் பரவாயில்லை என்று சொல்லி மேஜைமேல் இருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு நூலகம் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். பரணிலிருந்து அறுபத்திரண்டு பதிவேட்டையும் இறக்கி, முந்தின நாளின் எண்ணும் அன்றைய எண்ணும் ஒன்றாக இருக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பதினேழு நாள் ஆனது. மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழு. இதில் தண்ணீர் உண்மையாகவே மாறாத நாட்கள் எத்தனை, நான் காபி குடித்த நாட்கள் எத்தனை என்று கண்டுபிடிக்க வழியில்லை. கையெழுத்து ஒன்று, மை ஒன்று. வாய்க்காலில் முளைத்து ஒரு மாதத்தில் அழுகிப்போகும் பாசி, தான் எதைச் சாப்பிட்டது என்பதை உடம்பில் எழுதி வைத்திருக்கிறது; என் பதிவேட்டை எந்த மெஷினில் கொடுத்தாலும் சொல்லாது. சகலையின் மனைவி போன் செய்து நூலகத்தில் வைத்தாயிற்றா என்று கேட்டபோது, இடப் பற்றாக்குறை என்று என் மனைவி சொன்னாள். எனக்காக அவள் ஒரு கட்டம் நிரப்பினாள்.

ஐந்து பொட்டலமும் முதலில் வந்த எண்களையே காட்டின. அதிகபட்ச வித்தியாசம் பாயிண்ட் ஒன்று. பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம் வைத்து, அந்தப் பெண் சமர்ப்பித்தாள். ஜூலையில் பட்டம் வந்தது, கல்லூரி வேலையும் கிடைத்தது. ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் நானும் இருக்கிறேன். உப்பளத்தில் பணியாற்றிய பெரியவர் என்று. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த அட்டவணை இருக்கிறது. எண்கள் வரிசையாக இறங்கி வருகின்றன, மழைக்குப் பிறகு பாசி வாயுவுக்கு மாறியதில் மைனஸ் கூடிக்கொண்டே போகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. பதினான்காம் வரியில் மட்டும் ஒன்றும் இல்லை. என் ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழே ஓடி, அந்த இடத்தில் தானாக நின்றது. பென்சில் எங்கே என்று கேட்டேன். என் மனைவி அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

செலவு விவரம்: மெஷின் கட்டணம், ஐந்து பொட்டலத்துக்கு ஏழாயிரம். மரக்காணத்திலிருந்து சென்னைக்கும் திரும்பவும் பஸ், இருநூற்று எழுபது. ஆட்டோ, போக வர முந்நூற்று அறுபது. வழியில் சாப்பாடு நூற்று நாற்பது. சாட்சி சொன்னதற்காக மேஸ்திரி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பரோட்டா, டீ தொண்ணூறு. மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.